அரை விநாடி நீலம்

தமிழ் சினிமாவில் வெடிகுண்டு வைப்பவர்கள் எல்லோரும் பொதுநலம் மிகுந்தவர்கள். குண்டு எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதை, பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியும்படி, சிவப்பு எண்களில் குண்டின் மேலேயே எழுதி வைப்பார்கள். கதாநாயகன் குழம்பிவிடக் கூடாதே என்று சிவப்பும் பச்சையுமாக இரண்டே இரண்டு ஒயர்கள் விடுவார்கள். தமயந்தி இதுவரை அப்படி நாற்பத்து மூன்று குண்டுகள் செய்து கொடுத்திருந்தாள். ஒன்றுகூட வெடித்ததில்லை. கதாநாயகர்கள் எல்லாவற்றையும் மூன்று விநாடி பாக்கி இருக்கும்போது அணைத்துவிட்டார்கள்.

சாலிகிராமத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது அவளுடைய பட்டறை. லேசர் துப்பாக்கி, ரோபோ கை, வேற்றுக்கிரகத்துத் தொலைபேசி என்று சினிமாக்காரர்கள் எதைக் கேட்டாலும் கிடைக்கும். அவள் படித்தது இதற்கில்லை. ஒன்பது வருடம் ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியில் இருந்தாள். தீக்காயம் பட்டவர்களின் மார்பில் எலெக்ட்ரோடு ஒட்ட முடியாது. ஒட்டுவதற்குத் தோல் இருந்தால்தானே. உடம்பைத் தொடாமல், கட்டிலுக்கு மேலிருந்தே இதயத் துடிப்பை எண்ணும் ஒரு கருவியை அங்கே உருவாக்கினாள். தீப்பிடித்தவர்களின் எண்ணிக்கை லாபத்துக்குப் போதாது என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டு, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, காலையில் பூங்காவில் ஓடுகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை செய்யச் சொன்னார்கள். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் குண்டு செய்ய வந்துவிட்டாள். குண்டில் பாசாங்கு குறைவு என்பது அவள் கட்சி.

அவளுடைய சாமான்களிலேயே பெரும்புகழ் பெற்றது துலா. கி.பி. 2190-லிருந்து நம்மைத் திருத்துவதற்காக மக்கள் மின்னல் ருத்ரவேல் வந்து இறங்கிய படத்தில், அவர் முன்கையில் கட்டியிருந்த பித்தளை நிறக் கவசம் அது. எதிரியை நோக்கிக் கையை நீட்டுவார். எதிரி பொய் சொன்னால் சிவப்பு, உண்மை சொன்னால் நீலம். 2190-லிருந்து வந்த அந்தத் தொழில்நுட்பத்தின் உள்ளே இருந்தது இரண்டு எல்.இ.டி. பல்பும், ஒரு பொம்மைக் காரின் ரிமோட்டும். ரிமோட்டை அமுக்கியவர் தணிகாசலம். ஆர்ட் டிபார்ட்மெண்டில் முப்பத்து நாலு வருடமாக இருக்கிறார். தெர்மக்கோல் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, வசனத்தைக் காதில் வாங்கி, நிறத்தைக் கொடுப்பார்.

"வசனம் முடிஞ்சதும் அமுக்கக் கூடாதும்மா," என்று ஒருநாள் அவளுக்கு விளக்கினார். "அரை செகண்டு விடணும். மூச்சு விடற நேரம். ஒடனே எரிஞ்சா அது வெறும் பல்பு. கொஞ்சம் விட்டு எரிஞ்சாத்தான் அது யோசிச்சு சொல்ற மாரி இருக்கும்."

படம் ஓடியது. ஏன் ஓடியது என்று கேட்பது இந்த ஊரில் அநாகரிகம். இரண்டாம் பாகத்துக்குப் பூஜை போட்ட மறுநாள் தயாரிப்பாளர் சோலையப்பன் தமயந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டு நிறையத் தங்கம்.

"துலா நெசமாவே வேலை செய்யணும்மா. பட விழா மேடையில ருத்ரவேல் அண்ணன் கையில கட்டிக்கணும். அதே மாதிரி ரசிகர்களுக்கும் செஞ்சு விக்கப் போறோம்."

"பொய்யை அளக்க முடியாது சார். அதுக்கு அளவே கிடையாது."

"எதைத்தான் அளக்க முடியும்?"

இந்தக் கேள்விக்கு அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடமாகப் பெட்டியில் கிடந்த கருவி அவளுக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"இதயத் துடிப்பை அளக்கலாம். மூணு மீட்டர் தள்ளி நின்னு, தொடாமலே. ஒவ்வொரு துடிப்புக்கும் நெஞ்சு அரை மில்லிமீட்டர் அசையும். சின்ன ரேடார் சிப் ஒண்ணு அதைப் பாத்துடும். எட்டு செகண்டு எண்ணி, நிமிஷத்துக்கு நூறு தாண்டினா சிவப்பு, தாண்டலைன்னா நீலம்னு வெச்சுக்கலாம்."

"அது போதுமே. பொய் சொல்றவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்ல?"

"பயந்தாலும் அடிச்சுக்கும் சார்."

"தப்புப் பண்ணாதவன் எதுக்கும்மா பயப்படணும்?"

இந்தக் கேள்வியை உலகத்தில் இதுவரை கேட்டவர்கள் எல்லோருமே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். நின்றுகொண்டிருந்தவன் ஒருவன்கூடக் கேட்டதில்லை. தமயந்தியும் அன்றைக்கு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், காபியும் கொடுத்திருந்தார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். தான் உருவாக்கியது எங்கேயாவது, யார் கையிலாவது ஒளிர்ந்தால் போதும் என்ற ஆசைதான். அதற்கு நல்ல பெயர் ஒன்று வைக்க அவளே பிற்பாடு நிறைய முயற்சி செய்தாள், அமையவில்லை.

ரிச்சி தெருவில் வாங்கிய சிப், தானே எழுதிய நிரல், பழைய அச்சில் வார்த்த கவசம் என்று இரண்டு மாதத்தில் துலா தயாராகிவிட்டது. சரிபார்க்க ருத்ரவேல் தம் கேரவனுக்கு வரச் சொன்னார். உள்ளே குளிர்சாதனமும், சந்தன ஊதுவத்தியும், கூண்டில் ஒரு வெள்ளைக் கொண்டைக் கிளியும் இருந்தன. கிளி நிமிடத்துக்கு ஒரு தடவை கதவு கீல் கிறீச்சிடுவது போல் கத்தியது. ருத்ரவேல் துலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் பக்கம் திரும்புச்சுன்னா?"

"உங்க துடிப்பை எண்ணும் சார்."

"அது வேண்டாம். மேடையில நான் என் நெஞ்சைக் காட்டித்தான் பேசுவேன். எப்பவும் நீலம்தான் வரணும். பழைய ஆள் ஒருத்தர் ரிமோட் வெச்சிருப்பாரே, அவர் கையிலயே இருக்கட்டும். சோலையப்பனுக்குத் தெரிய வேண்டாம். அவர் பாவம், நம்பிட்டிருக்காரு."

ஆகவே நிஜமாக வேலை செய்யும் துலாவுக்குள்ளும் பழைய பொம்மை ரிமோட் குடியேறியது. நீலப் பொத்தான், சிவப்புப் பொத்தான், துடிப்பைக் காட்டும் சின்னத் திரை. பொத்தானை அமுக்கினால் ரேடார் என்ன சொன்னாலும் எடுபடாது. தணிகாசலம் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரசிகர்களுக்கு விற்றவற்றில் ரிமோட் கிடையாது. ரசிகர்களுக்கு ரேடாரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நாற்பதாயிரம் துலாக்கள் ஒரே வாரத்தில் போயின. 'இது விளையாட்டுப் பொருள், உண்மையைக் கண்டறியாது' என்று தமயந்தி அடியில் அச்சடிக்கச் சொல்லியிருந்தாள். அச்சடித்தார்கள், அதன் மேலேயே அண்ணன் படத்தை ஒட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததற்கு 2190-லிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை. நம் ஆட்களே போதுமானவர்களாக இருந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் தட்டில் பூ, பழத்தோடு துலாவையும் கொண்டு போனார்கள். பட்டுப் புடவையில் வியர்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம், "யாரையாவது விரும்புறியாம்மா" என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்கு நெஞ்சு நூறைத் தாண்டாது? ஒரு ஜவுளிக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் துலாவைக் கட்டித் தொங்கவிட்டு, வேலை முடிந்து போகிற பெண்களை அதன் முன்னால் நிறுத்தி அனுப்பினார்கள். முதலாளியின் முன்னால் யாரும் துலாவை நீட்டவில்லை. அவருக்குத்தான் ரத்தக் கொதிப்பு இருந்தது.

உத்தரவாத அட்டையில் தமயந்தியின் தொலைபேசி எண் இருந்தது. ஒரு நாள் காலையில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் அஞ்சலாட்சி, ஆறு மாதக் கர்ப்பம்.

"அக்கா, இது மாத்திச் சொல்லாதா? அவரு தெனமும் நீட்டறாரு. கொழந்தை யாருதுன்னு கேக்கறாரு. நான் என்ன சொன்னாலும் சிவப்பா எரியுது."

"கர்ப்பமா இருந்தா யாருக்குமே துடிப்பு கூடும்மா. உள்ள இன்னொரு உசுருக்கும் சேத்து ரத்தம் ஓடணும்ல. அவரை எங்கிட்டப் பேசச் சொல்லு."

அவர் பேசினார். தமயந்தி பத்து நிமிடம் விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணன் படத்துல அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது பிள்ளையாரைப் பிடித்துக் குரங்கு கையில் கொடுத்த கதை. விற்பனையை நிறுத்தச் சொல்லிச் சோலையப்பனுக்கு எழுதினாள். அடுத்த பத்தாயிரத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் இரண்டாம் பாகத்தின் கிளைமாக்ஸ் இணையத்தில் வந்துவிட்டது. இரண்டரை நிமிடக் காட்சி. எடிட் செய்ததை யாரோ ஒரு திரையில் ஓடவிட்டு, கைபேசியில் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். காட்சி முழுக்க, வசனத்தின் ஊடே, ஒரு கொண்டைக் கிளி கத்தியது. கேரவனில் கேட்ட அதே கீல் கிறீச்சிடும் சத்தம். யூனிட்டில் எல்லோருக்கும் அது கேட்டது. டீ கொடுக்கும் துரைக்கண்ணுவுக்குக் கேட்டது, லைட்மேன்களுக்குக் கேட்டது, தமயந்திக்கும் கேட்டது. சோலையப்பனுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனின் அடுத்த கால்ஷீட் கிடைத்திருக்காது. சில காதுகள் அவ்வளவு பக்குவமானவை.

வடபழனி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் காலை பத்து மணிக்கு விசாரணை வைத்தார். அந்தக் காட்சியைப் படப்பிடிப்பில் பார்த்த தொழிலாளிகள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. அதன் மேல் 'நடிகர்கள், விருந்தினர் மட்டும்' என்று எழுதியிருக்கும். பதினொரு பேரும் படியேறி வந்தார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ள அழைக்கப்பட்ட தமயந்தி விருந்தினர் ஆனதால் லிப்டில் வந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் கற்பூரம். ஏற்றிய கற்பூரத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும். சோலையப்பன் மேடைத் துலாவைத் தம் கையில், தங்கச் சங்கிலிக்கு மேலேயே கட்டிக்கொண்டார். வரிசையில் முதலில் நிற்க வேண்டிய மூத்தவர் தணிகாசலம். அவர் என்னவோ சொல்லிப் பின்னால் போய்க் கடைசியில் நின்றுகொண்டார்.

"நான் படத்தைத் திருடல," என்றார் முதல் ஆள், தட்டோடு.

நீலம்.

அடுத்தவர், அதற்கு அடுத்தவர் என்று வரிசையாக நீலம். துரைக்கண்ணுவுக்குத் தட்டு நடுங்கிக் கற்பூரம் கீழே விழப் பார்த்தது. அவருக்கும் நீலம். பத்துப் பேர் முடிந்தார்கள். தணிகாசலம் முன்னால் வந்தார், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நான் இந்த வீட்டு உப்பைத் தின்னவன் முதலாளி. திருடல."

துலா எட்டு விநாடி சும்மா இருந்தது. பிறகு சிவப்பாக எரிந்தது.

சோலையப்பன் முகத்தில் வருத்தம் இருந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. பழி போட ஒரு முதுகு கிடைத்துவிட்டது.

"சார், அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு," என்றாள் தமயந்தி. "மூணு மாடி ஏறி வந்திருக்கார். துடிப்பு நூறு தாண்டத்தான் செய்யும். இதை வெச்சு ஒருத்தரைத் திருடன்னு சொல்லக் கூடாது."

"மத்த பத்துப் பேரும் அதே படியிலதானேம்மா ஏறி வந்தாங்க?"

அவளுடைய கருவியே பத்துப் பேரைச் சாட்சி நிறுத்தியிருந்தது. தணிகாசலம் தட்டை மேசை மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். சினிமாவில் திருடன் என்று ஒரு கம்பெனி சொல்லிவிட்டால் மற்றக் கம்பெனிகள் விசாரிப்பதில்லை. மாலைக்குள் யூனியன் அவர் உறுப்பினர் அட்டையை நிறுத்தி வைத்தது.

லிப்டில் இறங்கும்போதுதான் தமயந்திக்கு உறைத்தது. அவள் செய்த துலா எட்டு விநாடி எண்ணாமல் வாயைத் திறக்காது. பத்துப் பேருக்கும் நீலம் எப்போது வந்தது? வசனம் முடிந்து அரை விநாடியில். மூச்சு விடுகிற நேரத்தில்.

தசரதபுரத்தில் தணிகாசலத்தின் வீடு ஒற்றை அறை. அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

"இத்த அண்ணன் கேப்பாரு. குடுத்துடு."

"பத்து பேருக்கும் நீங்கதான் அமுக்கினீங்களாண்ணே?"

"பின்ன என்னம்மா பண்றது. திரையில நம்பர் தெரியுதுல்ல. ஒருத்தனுக்கு நூத்திப் பத்து, ஒருத்தனுக்கு நூத்தி இருவது. தொரக்கண்ணுக்கு நூத்தி நாப்பது. எல்லாம் படி ஏறினது பாதி, முதலாளி மூஞ்சியப் பாத்தது மீதி. எட்டு செகண்டு விட்டா ஒருத்தன் பாக்கியில்லாம செவப்பு எரியும். அதான் பின்னால போய் நின்னேன்."

"உங்களுக்கு?"

"ரெண்டு கையிலயும் தட்டு இருந்துச்சே." சிரித்தார். "அத்த நான் யோசிக்கல."

தமயந்திக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. "ரேடார் எண்ணினது எல்லாம் உள்ள பதிவாகியிருக்கும். நான் எடுத்துக் காட்டறேன். பதினோரு பேருக்கும் சிவப்புன்னா மெஷின் சொல்றதுக்கே அர்த்தமில்லைன்னு அவருக்குப் புரிஞ்சுதானே ஆகணும்."

"அவருக்கு அப்படியா புரியும்?" என்றார் தணிகாசலம். "பதினோரு திருடன்னு புரியும். இப்ப ஒருத்தன் வீட்டுலதான் அடுப்பு எரியல. நீ அத்தக் காட்டினா பதினோரு வீட்டுல எரியாது. சும்மா இரும்மா."

அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு ஆத்திரம். படித்துப் பட்டம் வாங்கியது அவள், ஆனால் சோலையப்பனை அறிந்து வைத்திருந்தது அவர்.

விழா மைதானத்தில் மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அறுபதடி உயரக் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி முடித்திருந்தார்கள். கீழே இரண்டு நாய்கள் அந்தப் பாலை நக்கிக்கொண்டிருந்தன. மொத்தக் கூட்டத்தில் உருப்படியான காரியம் செய்தவை அவை இரண்டும்தான். மேடைக்குப் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் தமயந்தி நின்றாள், கையில் ரிமோட். "நீங்களே அமுக்கிடுங்க," என்று ருத்ரவேல் சொல்லியிருந்தார். "அந்தப் பெரியவர் பண்ணின மாதிரியே, சரியா."

அவள் அமுக்குவதாக இல்லை. இத்தனை லட்சம் பேர் முன்னால், கிளியை வளர்க்கிறவன் பழியைக் கிழவர் தலையில் போட்டுவிட்டுப் பேசும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளாமலா போகும்? எட்டு விநாடி பொறுத்தால் ரேடாரே அவன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும் என்று காத்திருந்தாள்.

ருத்ரவேல் ஒரு மணி நேரம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பிறர் புகழ்ந்ததைக் கேட்டுவிட்டு எழுந்தார். துலா கட்டிய கையைத் தம் நெஞ்சுக்கு நேரே மடக்கினார்.

"என் ரசிகர்கள்தான் என் குடும்பம்."

தமயந்தி அமுக்கவில்லை. ரிமோட்டின் திரையில் எண் ஏறிவரும் என்று பார்த்தாள். அறுபத்தெட்டு. எட்டு விநாடி முடிந்தது. நீலம். கூட்டம் வானத்தைப் பிளந்தது.

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பொய்யை அளக்க முடியாது, பயந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று சோலையப்பனுக்குச் சொன்னவள் அவள்தான். சொல்லிவிட்டு, கடைசியில் அவளும் அவரைப் போலவே பொய்க்காரனின் நெஞ்சு படபடக்கும் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறாள். பயம் யாருக்கு வரும்? படியேறி வருகிறவனுக்கு வரும். லிப்டில் போகிறவனுக்கு எதற்கு வரும்?

ருத்ரவேல் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருத்தமான விஷயம். எங்க கூடவே இருந்த ஒரு பெரியவர் எங்க உழைப்பைத் திருடி வெளிய விட்டார். பேர் சொல்ல விரும்பல. அவரை நான் மன்னிச்சுட்டேன்."

அறுபத்தாறு. இரண்டு குறைந்திருந்தது.

தமயந்தி அரை விநாடி விட்டாள். மூச்சு விடுகிற நேரம். பிறகு சிவப்பை அமுக்கினாள்.

ராட்சதத் திரைகள் நான்கிலும் துலா சிவப்பாக எரிந்தது. ருத்ரவேல் கையைப் பார்த்தார், பக்கவாட்டுத் திரையைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வசனம் வரவில்லை. ரிமோட்டில் எண் நூற்று முப்பதைத் தாண்டி ஓடியது.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "மெஷின் ரிப்பேர் தலைவா."

ஆயிரம் பேர் அதை வாங்கிக்கொண்டார்கள், பிறகு லட்சம் பேர். தலைவர் பொய் சொன்னார் என்று ஒருவனும் நினைக்கவில்லை. நினைக்க அவர்களால் முடியாது. மெஷின்தான் பொய் என்று ஒரே குரலாக முடிவு செய்தார்கள். தமயந்தி பத்து நிமிடம் விளக்கியும் ஒரு புருஷனுக்குப் புரியாத அறிவியல், ஒரே ஒரு பொத்தானில் நாட்டுக்கே புரிந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ருத்ரவேல் அவளிடம் வந்தார். "பட்டனைத் தப்பா அமுக்கிட்டீங்களா?"

பக்கத்தில் சோலையப்பனும் பத்திரிகைக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

"எந்தப் பட்டன் சார்?" என்றாள்.

அதற்கு மேல் அவர் எதைச் சொன்னாலும் அது அவரையே காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் மதுரையில் முந்நூறு துலாக்களை நடுரோட்டில் போட்டு உடைத்தார்கள். சேலத்தில் கொளுத்தினார்கள். அண்ணனைப் பொய்யர் என்று சொன்ன பொருளை வீட்டில் வைத்திருப்பது மானக்கேடு என்று ரசிகர் மன்றம் அறிக்கை விட்டது. சோலையப்பன் பத்திரிகையாளர்களைக் கூட்டி, துலா ஆரம்பத்திலிருந்தே கோளாறுதான் என்றும், அதைச் செய்த பெண்மணிக்குத் தொழில் தெரியாது என்றும், இனி தமது கம்பெனியில் அவருக்கு வேலை கிடையாது என்றும் அறிவித்தார். ஆரம்பத்திலிருந்தே கோளாறு என்றால் தணிகாசலத்தை எதை வைத்துத் திருடர் என்றீர்கள் என்று யூனியன் செயலாளர் ஒரு வரியில் கடிதம் போட்டார். அட்டை திரும்ப வந்தது. மன்னிப்பு வரவில்லை, அது அந்தக் கட்டடத்தில் கையிருப்பில் இல்லாத சரக்கு.

அஞ்சலாட்சி மறுபடி பேசினாள். "உடைச்சுட்டாருக்கா. கல்லு மேல வெச்சுக் கல்லாலயே உடைச்சாரு."

"சந்தேகம்?"

"அது உடையல," என்றாள். "ஆனா இனிமே நீட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் எங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பறேன்."

உடையாமல் திரும்பி வந்த துலாக்கள் மூட்டை மூட்டையாகத் தமயந்தியின் பட்டறையில் வந்து விழுந்தன. குண்டு கேட்டுக்கூட இப்போது யாரும் வருவதில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, சிப்பை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள். அரசு மருத்துவமனைத் தீக்காய வார்டு ஒன்றில், முதலில் ஒரே ஒரு கட்டிலுக்கு மேல் மாட்டிப் பார்க்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நிறம் ஏதும் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று அவரே கேட்டுக்கொண்டார். தமயந்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் வந்தார். கேட்காமலே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நாலைந்தைப் பிரித்த பிறகு பேச்சை எடுத்தார்.

"அன்னிக்கு டிவியில பாத்தம்மா. அது தானா எரிஞ்சிச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"ஆமாண்ணே. கோளாறு."

அவர் தலையை நிமிர்த்தாமல் அடுத்த துலாவின் திருகைக் கழற்றினார்.

"அரை செகண்டுக்கு மேல கொஞ்சம் விட்டுட்ட. மொத தபான்னா அப்படித்தான், கை நடுங்கும்."

தமயந்தி கையிலிருந்த சிப்பைப் பெட்டியில் போட்டாள். "ரெண்டாவது தபா கிடையாதுண்ணே," என்றாள்.